வந்தவருக்கு ஊற்றிய தண்ணீர்

சுற்றுச்சூழல் கொள்கை படித்தேன் என்று சொன்னால் புதுச்சேரியின் சாரம் பகுதியில் எங்கள் தெருக்காரர்களுக்குப் புரியாது. "மரம் நடுற வேலையா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிப் பழகிவிட்டேன். வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் படித்தேன். ஆற்றையும் காற்றையும் எப்படிச் சட்டம் போட்டுக் காப்பாற்றுவது என்று பக்கம் பக்கமாகக் கட்டுரை எழுதி, முதல் வகுப்பில் தேறி ஊருக்குத் திரும்பியபோது எனக்கு இருபத்துமூன்று வயது. தலைக்கனம் நிறையவே இருந்தது. புதுச்சேரிக்கு நான் திரும்பி வந்ததே இந்த ஊர் செய்த புண்ணியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல வாய் வராது.

ஏழு மாதம் வீட்டில் சும்மா உட்கார்ந்து, சொந்தக்காரர்களின் "அப்புறம், வேலை?" என்ற கேள்விக்குப் பயந்து கல்யாணங்களுக்குப் போவதையே நிறுத்திய பிறகு ஒரு வேலை கிடைத்தது. அரசுத் துறைக்குக் குடிநீர்த் திட்டங்கள் தயாரித்துக் கொடுக்கும் சிறிய நிறுவனம். ஒரு வருட ஒப்பந்தம். அலுவலகம் கடற்கரைக்குப் பக்கத்தில், மஞ்சள் வண்ணம் பூசிய பழைய பிரெஞ்சுக்காலத்து வீடு. வெளியே பெங்களூரிலிருந்து வந்தவர்கள் அந்தச் சுவரில் சாய்ந்து போட்டோ எடுத்துக்கொண்டிருப்பார்கள். உள்ளே நாங்கள் ஊரின் நிலத்தடி நீர் எவ்வளவு தூரம் கெட்டுப்போய்விட்டது என்று பேசிக்கொண்டிருப்போம்.

கெட்டுத்தான் போயிருந்தது. ஊர் முழுக்க போர்வெல் போட்டு உறிஞ்சியதில் கடல்நீர் அடியில் புகுந்து, பல தெருக்களில் குழாயைத் திறந்தால் உப்புத் தண்ணீர். சுத்திகரித்த தண்ணீர் கொடுக்கும் நிலையங்கள் சிலவற்றை அமைக்க அரசிடம் நிதி இருந்தது. சில்லறையைப் போட்டுக் குடத்தைப் பிடித்துக்கொள்ளலாம். எல்லாத் தெருவுக்கும் அது போதாது. அதனால் யாருடைய சிபாரிசும் இல்லாமல், தண்ணீரை அளந்து பார்த்து, எங்கே மிக மோசமோ அங்கே முதலில் வைப்பது என்று முடிவானது. என் படிப்பு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது இந்த ஒரு வரியைத்தான். அளந்து பார்த்துக் கொடுப்பது. அதைச் செய்கிற இடத்தில் நான் இருக்கிறேன் என்ற நினைப்பில் முதல் வாரம் கால் தரையில் பாவவில்லை.

அளக்கிற வேலைக்கு இரண்டு பேர். நானும், என்னோடு சேர்ந்த ஒரு பி.காம். பையனும். முத்தியால்பேட்டைத் தெருக்களை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக் கொடுத்தார்கள். கையில் ஒரு டேப்லெட் கணினி, பேனா மாதிரி ஒரு மீட்டர். தண்ணீரில் நனைத்தால் உப்பு எவ்வளவு என்று எண் காட்டும். வீட்டில் குடிக்கும் தண்ணீரில் ஒரு டம்ளர் கேட்டு வாங்கி அதில் மீட்டரை வைக்க வேண்டும், எண்ணைப் பதிய வேண்டும், வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்று விதிமுறையில் இருந்தது. அதை நான் எழுத்துப் பிசகாமல் செய்தேன்.

அந்தப் பி.காம். பையனுக்கு மனிதர்களிடம் பேசுவதென்றால் வேப்பங்காய். வாசலிலேயே நின்று கையெழுத்தை வாங்கிக்கொண்டு, தெருக்குழாயிலோ வாசல் குழாயிலோ தானே பிடித்து அளந்துவிட்டு நடையைக் கட்டுவான். விதிமுறைப்படி அது தவறு. அவனிடம் சொன்னேன். "வெயில்ல ஒவ்வொரு வீடா உக்காந்து கதை பேச முடியாது, போ" என்றான். எனக்கு அவனைப் பார்த்தால் எரிச்சலாக இருந்தது. களப்பணி என்றால் என்னவென்றே தெரியாதவன் என்று நினைத்தேன்.

நான் உள்ளே போய் உட்கார்ந்தேன். பேசினேன், சிரித்தேன். என் பங்கில் ஒரு சந்து இருந்தது. இரண்டு பைக் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்னால் போக வேண்டும். பெரும்பாலும் முஸ்லிம் குடும்பங்கள். லேத் பட்டறை, தையல், கண்ணாடி அறுக்கிற கடை என்று தலைமுறையாகத் தொழில் செய்கிறவர்கள். சந்தின் நடுவில் ஒரு வீட்டில் நாற்பது வயது தாண்டிய ஒரு அக்கா இருந்தார். கணவர் லேத் பட்டறை வைத்திருந்தார். ஒரே மகள், பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள், அப்பாவை அத்தா என்று கூப்பிடுவாள். அந்த அக்காதான் முதல் நாளே என்னைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய், "நம்ம புள்ளதான், தண்ணிக்காக எழுத வந்திருக்கு, பதில் சொல்லுங்க" என்று அறிமுகப்படுத்தியவர்.

"நீங்க குடிக்கிற தண்ணி ஒரு டம்ளர் குடுங்கக்கா" என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்டேன். எவர்சில்வர் டம்ளரைத் துடைத்துத் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். மீட்டரை நனைத்தேன். எண் குறைவாகவே காட்டியது. பாதியை அளந்து மீதியைக் குடித்தேன். ருசியாகவே இருந்தது. "கேன் வாங்குறீங்களா?" என்ற கேள்விக்கு எல்லாரும் இல்லை என்றார்கள். அப்படியென்றால் குழாய்த் தண்ணீர்தான், அது நன்றாகத்தான் இருக்கிறது என்று கணினி முடிவு கட்டியது. நானும் சந்தேகப்படவில்லை. பக்கத்துத் தெருவெல்லாம் உப்பாக இருக்கும்போது இங்கே மட்டும் எப்படி என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. எல்லாரும் என்னிடம் பிரியமாக இருந்தார்கள், அதிலேயே எனக்கு வயிறு நிறைந்துவிட்டது.

முன்னுரிமைப் பட்டியலின் வரைவு வந்தபோது அந்தச் சந்து அதில் இல்லை. பி.காம். பையனின் தெருக்கள் பெரும்பாலும் இருந்தன. நான் அதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கே மோசமோ அங்கே, அவ்வளவுதானே.

அந்த அக்கா வீட்டுப் படிவத்தில் ஒரு கையெழுத்து விட்டுப்போயிருந்தது. அதை வாங்க ஒரு வெள்ளிக்கிழமை மதியம் சொல்லாமல் கொள்ளாமல் போனேன். மகள் மட்டும் இருந்தாள். வெயிலில் ஸ்கூட்டர் ஓட்டி வந்ததில் தொண்டை வறண்டிருந்தது. தண்ணீர் கேட்டேன். அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. "கொஞ்சம் உக்காருங்கக்கா, இதோ வந்துட்டேன்" என்று டம்ளரை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். எதற்கு ஓடுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. அடுப்படி வாசலிலேயே குடம் இருந்தது. நானே மொண்டு குடித்தேன்.

ஒரு வாய்தான். விழுங்க முடியவில்லை. முற்றத்தில் துப்பிவிட்டு, பையிலிருந்த மீட்டரை எடுத்து அந்தக் குடத்துத் தண்ணீரில் வைத்தேன். அந்தத் தெருவில் நான் அதுவரை பதிந்த எந்த எண்ணுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

மகள் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய தண்ணீரோடு வந்து நின்றாள். குடத்தின் மேல் மூடி இல்லாததையும் உள்ளே மீட்டர் நனைந்துகொண்டிருந்ததையும் பார்த்தாள்.

"ஐயோ அக்கா, அதக் குடிச்சிட்டீங்களா? அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. வந்தவங்களுக்கு இந்தத் தண்ணியக் குடுத்தேன்னு தெரிஞ்சா என்னைக் கொன்னுடும்."

"நீங்க குடிக்கிறது இதுதானா?"

"நானும் அம்மாவும் இதான் குடிப்போம். அத்தாவுக்குக் கிட்னில கல்லு எடுத்திருக்கு, கதிர்காமம் கவர்மெண்ட் ஆஸ்பத்திரில. நல்ல தண்ணி குடிக்கச் சொல்லியிருக்காங்க. அதனால அவருக்கு மட்டும் கேன் வாங்குறோம். யாராச்சும் வந்தா அதுல குடுப்போம். இன்னிக்குக் கேன் வண்டி வரலக்கா, அதான்."

"அப்ப கேன் வாங்கலைன்னு ஏன் சொன்னீங்க?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "கேன் தண்ணி குடிக்கிற வீடுன்னு எழுதினா செவப்புக் கார்ட மஞ்சக் கார்டா மாத்திடுவாங்கன்னு தெருவுல பேசிக்கிட்டாங்க. நீங்க வரப்பல்லாம் எல்லா வீட்லயும் கேனைக் கட்டிலுக்கு அடியில தள்ளிடுவாங்க."

ஏழைக் குடும்பங்களுக்கான சிவப்பு ரேஷன் கார்டு போனால் அரிசி போகும், ஆஸ்பத்திரிச் சலுகை போகும். அவர்கள் பயந்ததில் தப்பில்லை. டேப்லெட்டும் கழுத்தில் அட்டையுமாகப் போய் நின்ற என்னை அவர்கள் அரசாங்கம் என்று நினைத்தார்கள், விருந்தாளி என்றும் நினைத்தார்கள். அரசாங்கத்துக்குப் பயந்து கேனை ஒளித்தார்கள். விருந்தாளிக்காக அதே கேனிலிருந்து ஊற்றினார்கள். நான் கேட்டது "நீங்க குடிக்கிற தண்ணி". வீட்டுக்கு வந்த பெண்ணுக்குத் தாங்கள் குடிக்கிற உப்புத் தண்ணீரை நீட்ட எந்த வீட்டில் மனசு வரும்? சாரத்தில் என் அம்மாவுக்கே வராது. இது எனக்குத் தெரியாத விஷயமா? எந்த ஊரில் பிறந்தேன் நான்? வாசலில் நின்று முகத்தைத் திருப்பிக்கொண்டு குழாயில் அளந்த அந்தப் பையன் சரியாக அளந்திருந்தான். நான் சிரித்துப் பேசி, ஒரு நோயாளியின் பங்கிலிருந்து டம்ளர் டம்ளராகக் குடித்துவிட்டு, அவர்கள் தண்ணீர் அமிர்தம் என்று எழுதிக் கொடுத்திருந்தேன்.

சந்தில் மேலும் நான்கைந்து வீடுகளில் வாசல் குழாயைத் திறந்து அளந்தேன். எல்லாம் அதே உப்புதான். நேராக அலுவலகம் போய் மேலாளரிடம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. அவர் கத்திப் பேசி நான் ஒருநாளும் கேட்டதில்லை. முழுதும் கேட்டுவிட்டு, "விதிமுறைப்படிதான எடுத்தீங்க?" என்றார்.

"ஆமா சார். ஆனா—"

"கையெழுத்து இருக்குல்ல?"

"இருக்கு சார். ஆனா தண்ணி வேற சார்."

"இப்ப ஒரு சந்துக்கு மாத்துனா, உங்க எல்லாத் தெருவையும் மறுபடி அளக்கணும். மார்ச்சுக்குள்ள முடியாது. முடியலைன்னா நிதி திரும்பிப் போயிடும், யாருக்குமே தண்ணி கிடையாது. கிடைக்கப்போற தெருவுக்கும் கிடையாது. என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்க."

படித்தபோது இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. அன்று மாலையே, என் தெருக்களின் அளவு எதையும் நம்ப முடியாது என்று ஒரு பக்கத்துக்குக் குறிப்பு எழுதி அவர் மேசையில் வைத்தேன். மூன்று நாள் கழித்து அவர் அதை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "இது கோப்புல ஏறினா, தப்பு உங்க பேர்லதான் நிக்கும். அடுத்த மாசம் உங்க ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கணும், நான்தான் எழுதணும். ஏத்தட்டுமா வேணாமான்னு நீங்களே சொல்லுங்க. எதுன்னாலும் எனக்குச் சரி. விடுபட்ட தெருவ அடுத்த கட்டத்துல பாத்துக்கலாம்."

அவர் மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் ஒருவேளை எனக்கும் ரோஷம் வந்திருக்கும். மறுபடியும் ஏழு மாதம் வீட்டில் உட்காருவதை நினைத்தேன். அப்பா எதுவும் கேட்காமல் நான் இருக்கிற அறையைத் தாண்டிப் போவதை நினைத்தேன். நிதி திரும்பிப் போவதையும் நினைத்தேன், ஆனால் அதை நினைத்தது மூன்றாவதாகத்தான். குறிப்பை நான்காக மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, "வேணாம் சார்" என்றேன். என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. களப்பணியில் ஈடுபாடு மிக்கவர் என்று எழுதியிருந்தார்.

நிலையங்கள் திறந்த அன்று பி.காம். பையனின் தெரு ஒன்றில் ஷாமியானா போட்டு, சாக்லெட் கொடுத்தார்கள். நான் ஓரமாக நின்று யார் யார் வந்தார்கள் என்று குறித்துக்கொண்டிருந்தேன். கூட்டத்தில் அந்த அக்கா மகளோடு நின்றிருந்தார். இளைத்திருந்தார். ஒரு கை இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவரைப் பார்த்ததும் எங்காவது ஓடிவிடலாமா என்று தோன்றியது. அவரே என்னிடம் வந்தார்.

"நல்லா இருக்கியாம்மா? எனக்கும் இப்ப வலி வருது. கதிர்காமத்துல ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்காங்க."

தண்ணீரால்தான் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை என்றார். என்னாலும் சொல்ல முடியாது. சொல்வதற்கு அளவு வேண்டும், அந்தச் சந்தின் அளவு என் கையெழுத்தோடு கோப்பில் இருக்கிறது, அது நல்ல தண்ணீர் என்கிறது.

அக்கா இன்னும் நெருங்கி வந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி கேட்டார். "ஏம்மா, எங்க சந்துக்கு வைக்கலையே. அன்னிக்கு நாங்க ஏதாச்சும் தப்பாச் சொல்லிட்டமா? உன் மேல ஆபீஸ்ல கோவப்பட்டாங்களா?"

மகள் என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும். நான் குடத்தில் மீட்டரை வைத்ததைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். நான் சொல்லப்போகும் பதிலுக்காக அவளும் காத்திருந்தாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா. அடுத்த கட்டத்துல உங்க சந்துதான்" என்றேன்.

அடுத்த கட்டம் என்று ஒன்று எந்தக் கோப்பிலும் இல்லை என்பது எனக்கு அப்போதே தெரியும். குரல் பிசகவில்லை, மேலாளர் சொல்கிற மாதிரியே நிதானமாக வந்தது. அக்காவின் முகம் தெளிந்துவிட்டது. மகள் பக்கம் திரும்பி, "கேட்டியா? நான்தான் சொன்னேன்ல, நம்ம புள்ள நமக்குச் செய்யாம விடுமான்னு" என்றார். மகள் அம்மாவின் கையைப் பிடித்து மெதுவாக அழைத்துக்கொண்டு போனாள்.