என்னையும் கொஞ்சம் புரட்டிப் படுக்க வையுங்கள்

வீட்டுக்கே போய் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு: நாம் டீ டம்ளரை வாயருகே கொண்டுபோகும் வரை யாருக்கும் எதுவும் வேண்டியிருக்காது. உங்கள் வீட்டிலும் யாராவது படுக்கையில் இருந்தால், ஆறிப்போன டீயின் ருசி உங்களுக்கும் தெரியும். வாருங்கள், சேர்ந்தே புலம்பலாம்.

தடைக்காலம்

பாகூரிலிருந்து பனித்திட்டுக்கு ஸ்கூட்டியில் போய் வருகிறேன். அங்கே பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோன பெரியவர் ஒருவர். படகு ஓட்டியவர். மகன் கடலுக்கும் மருமகள் மீன் கூடையோடு சந்தைக்கும் போய்விட்டால், பகல் முழுக்க அவருக்கு நான், எனக்கு அவர்.

மீன்பிடி தடைக்காலம் வந்தால் மொத்த ஊரும் கரையில் இருக்கும். பொழுது போகாதவர்கள் எல்லாம் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு நலம் விசாரிக்க வந்துவிடுவார்கள். வந்து உட்கார்ந்து, இதே நோயில் போய்ச் சேர்ந்த ஆட்களின் கதையைப் பெரியவர் காதுபடவே விலாவாரியாகச் சொல்வார்கள். அவரைத் தேற்றுவது என் வேலை. வந்தவர்களுக்கு டீ போடுவதும் எப்படியோ என் வேலையாகிவிட்டது. ஒருநாள் பெரியவரின் மச்சான் என் முகத்தை உற்றுப் பார்த்து உருகிவிட்டார்.

"பாவம், ரொம்ப இளைச்சிப்பூட்ட சிஸ்டர். கொஞ்சம் ரெஸ்ட் எடுத்துக்கம்மா. அதுக்கு முன்னாடி எனக்கு இன்னொரு டீ, சக்கரை வாணாம்."

ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம்

படுத்தே இருப்பவர்களை முதுகில் புண் வராமல் அடிக்கடி புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். எனக்கு அது கை தானாகச் செய்யும் அளவுக்குப் பழகிவிட்டது. திருபுவனை கம்பெனியில் ஷிப்ட் முடித்துவிட்டு வந்த என் கணவர் ஞாயிறு மதியம் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். ஏதோ நினைப்பில் அந்தப் பக்கம் போன நான், அவரை ஒருக்களித்துப் புரட்டி, தலையணையை முட்டுக் கொடுத்து, முதுகில் பவுடரும் போட்டுவிட்டேன். மனிதர் கண்ணைத் திறந்து வெலவெலத்துப் போனார்.

"இன்னாடி, டாக்டர் எதனா சொன்னாரா? எங்கிட்ட மறைக்காத!"

முட்டியில் காயம்

இதற்கு நான் சிரிக்கவில்லை. ஆறாவது படிக்கும் என் மகள் சைக்கிளிலிருந்து விழுந்து, ரத்தத்தோடு அழுதுகொண்டு வந்தாள். கையுறை மாட்டினேன், கழுவினேன், மருந்து வைத்துக் கட்டினேன். "ஒண்ணும் இல்ல, சரியாயிடும், சாப்டீங்களா, பாத்ரூம் போனீங்களா" என்று வாய் அதுபாட்டுக்குப் பேசியது. மனசில் ஒன்றுமே அசையவில்லை. பெற்ற பிள்ளை அழுகிறது, எனக்கோ எப்போது போய்ப் படுக்கலாம் என்றுதான் இருந்தது.

அன்றுதான் பயந்துபோனேன். என்னிடமிருந்த இரக்கத்தையெல்லாம் இந்த வேலை வழித்தெடுத்துவிட்டதோ, வீட்டுக்கு மிச்சமே இல்லையோ? வேலையை விட்டுவிடுவது என்று அங்கேயே முடிவு செய்தேன். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"யம்மா, எங்கிட்ட சிஸ்டர் மாதிரி பேசாதம்மா. அம்மா மாதிரி ரெண்டு திட்டு திட்டு."

ஓய்வு வகுப்பு

நான் விடப்போகிறேன் என்றதும் எங்களை வேலைக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரர் பதறிப்போனார். நோயாளிகளைப் பார்த்துக்கொள்பவர்கள் தங்களையும் பார்த்துக்கொள்வது எப்படி என்று வில்லியனூரில் ஒரு வகுப்பு வைத்தார். வகுப்பெடுக்க வந்த பெண் கண்ணை மூடி மூச்சை மெதுவாக இழுக்கச் சொன்னார். மூடினோம், இழுத்தோம். அடுத்து எங்களுக்குத் தெரிந்தது, அவர் மேசையைத் தட்டிய சத்தம்தான். ஹால் முழுக்கக் குறட்டை.

"எழுந்திரிங்கம்மா, ரெஸ்ட் எடுக்கறது எப்படின்னு நான் இன்னும் சொல்லவே ஆரம்பிக்கலியே!"

யாருக்கு உடம்பு சரியில்லை

மறுநாள் பெரியவர் கஞ்சி வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். "வாணாம்னா போங்க, எனக்கு இன்னா!" என்று கத்திவிட்டேன். கத்திவிட்டு, தரையில் உட்கார்ந்து, மகள் விழுந்ததிலிருந்து வேலையை விடப்போவது வரை எல்லாவற்றையும் அவரிடமே கொட்டினேன். அவர் நல்ல கையால் கிண்ணத்தை இழுத்து, பாதியைச் சட்டையில் சிந்திக்கொண்டு தானே குடித்தார். பிறகு பாயைக் காட்டி, "படு" என்றார். யாராவது வந்தால் என்றேன். "படுன்றேன்ல!"

ஒரு நிமிஷம் என்றுதான் படுத்தேன். விழிப்பு வந்தபோது வாசலில் ஆள் சத்தம், மச்சானும் இன்னும் இரண்டு பேரும். எழ மனமில்லாமல் கண்ணை மூடியபடியே கிடந்தேன். பெரியவர் அவர்களிடம் குழறிக் குழறிப் பேசியதைக் கேட்டதும் எனக்குக் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. உள்ளே ஈரம் இன்னும் ஊறுகிறதே என்று அத்தனை சந்தோஷம். அவர் சொன்னது இதுதான்:

"ஸ்ஸ்... சத்தம் போடாதீங்கடா, பேஷண்ட் தூங்குது. வாங்கியாந்தத வச்சிட்டு அப்புறமா வாங்க."

வேலையை நான் விடவில்லை. மதியத்தில் என்னைப் பார்த்துக்கொள்ள இப்போது ஓர் ஆள் கிடைத்துவிட்டார், என்ன, அவரைத் தூக்கி உட்கார வைக்க மட்டும் நான்தான் எழுந்திருக்க வேண்டியிருக்கிறது.