மதிவாணன் படைத்த வில்லன்

மதிவாணன் இதுவரை பதினோரு வில்லன்களைப் படைத்திருக்கிறான். அதில் பத்துப் பேரின் பெயர் எனக்கு நினைவில்லை. ஒருவனுக்கு மூன்று கொம்பு. ஒருவன் எலும்பு நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். இன்னொருவன் ஆயிரம் ஆண்டு தூங்கி எழுந்தவன், அப்படியே தூங்கிக்கொண்டிருந்திருக்கலாம். எல்லாரும் வந்தவுடன் கைகொட்டிச் சிரிப்பார்கள், மலையை நொறுக்குவார்கள், நாங்கள் கொன்றால் செத்துப்போவார்கள். உப்புச்சப்பில்லாத கூட்டம்.

விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். மேசையைச் சுற்றி நான்கு பேர். ஒருவர் கதையை நடத்துவார், வில்லனும் அவர்தான். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ இருப்பார்கள். வாளை வீசுகிறேன் என்று நாம் சொல்ல வேண்டும், வெட்டு விழுந்ததா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். பெங்களூரில் வேலை பார்த்தபோது இதைக் கற்றுக்கொண்ட ஜாய்ஸ், குடவாசலுக்குத் திரும்பி கம்ப்யூட்டர் சென்டர் வைத்த பிறகு எங்களுக்கும் பழக்கினாள். ஞாயிறு மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஆடுவோம். நான் எழில்மொழி, பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். இன்னொருவர் சவரிராஜ் அண்ணன், மூன்று ஏக்கரில் குறுவை நெல் போட்டவர். நெல் கொள்முதலுக்கு ஆன்லைனில் பதிவு செய்ய, சிட்டா அடங்கல் என்ற நிலப் பதிவுகளோடு ஜாய்ஸின் கடைக்கு வந்தவர், பகடையைப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

கதை நடத்துபவன் மதிவாணன். என்னோடு பத்தாம் வகுப்பு வரை படித்தவன். ஆசிரியர் இல்லாதபோது பேசுகிறவர்களின் பெயரைப் பலகையில் எழுதும் பொறுப்பை ஒருமுறை அவனிடம் கொடுத்தார்கள். அந்த வருடம் முழுக்க அவன் சாக்பீஸைக் கீழே வைக்கவில்லை. பிறகு வேதியியலில் ஒரு பட்டம். நான்கு முறை அரசுத் தேர்வு எழுதினான், நான்கு முறையும் இரண்டு மார்க்கில் போய்விட்டதாம். அதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. கடைசியில் ஊருக்கு வெளியே ஓர் அரசு நெல் கொள்முதல் நிலையத்தில் பருவகாலப் பட்டியல் எழுத்தர் ஆனான். நெல்லின் ஈரப்பதம் பார்ப்பது, வரிசை எண் கொடுப்பது, யார் குவியலை எப்போது தூற்றி எடை போடுவது என்று சொல்வது, இவ்வளவுதான் வேலை. பைசா லஞ்சம் வாங்க மாட்டான், அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டும் திரிவான். வாங்கினாலாவது கொடுத்துவிட்டு ஜனங்கள் வீட்டுக்குப் போகலாம். அவனுக்கு வேண்டியது வேறு. ஆட்கள் வந்து அவன் முன்னால் நிற்க வேண்டும், கேட்க வேண்டும், மறுநாளும் வந்து கேட்க வேண்டும்.

பத்தாவது வில்லன் செத்த அன்றைக்கு என் பொறுமை போய்விட்டது.

"டேய் மதி, உன் அசுரனோட கொம்பைக் கழட்டிட்டா என்னடா மிஞ்சும்?"

"அவன் ஏழு ராஜ்யத்தை அழிச்சவன்" என்றான் முறைப்பாக.

"அழிச்சா எனக்கென்ன? என் வாசல்ல வந்து என்ன பண்ணான்? நான் கெட்டவன், நான் கெட்டவன்னு கத்துறவனை யாருடா ஞாபகம் வச்சுக்குவா? தான் செய்யிறதுதான் நியாயம்னு அவன் நம்பணும். நம்மகிட்ட மரியாதையா பேசணும். அடிக்கலாம்னு கையைத் தூக்குனா நமக்கே கூசணும்."

அவன் அதை நோட்டில் குறித்துக்கொண்டான். பாடம் எடுத்தது நான்தான், அதையும் மறைப்பதற்கில்லை.

ஐப்பசி பிறந்தது. சவரிராஜ் அண்ணனின் நெல் அறுவடையாகி, மதிவாணனின் நிலையத்துக் களத்தில் ஒன்பது நாளாகத் தார்ப்பாய்க்கடியில் கிடந்தது. நெல் பிடிக்கக் காலிச் சாக்கு வரவில்லை என்றான் ஒருநாள். மேலே கேட்க வேண்டும் என்றான் இன்னொரு நாள். செவ்வாய் முதல் கனமழை என்று எல்லார் போனிலும் வந்துவிட்டது. அந்த ஞாயிறு, மனைவி விண்ணரசியைக் குவியலுக்குக் காவல் வைத்துவிட்டு அண்ணன் ஆட வந்தார். மதியிடம் நேரில் ஒரு வார்த்தை கேட்கலாம் என்றும் நினைத்திருந்தார்.

அன்றைக்கு மதிவாணன் பதினோராவது வில்லனைக் கொண்டுவந்தான். கதையில் ஓர் ஆறு, ஆற்றில் ஒரு மதகு, கீழே காய்ந்துகொண்டிருக்கும் பயிர். மதகைத் திறக்கும் உரிமை ஒரே ஆளுக்கு. கொம்பு இல்லை, கோரைப்பல் இல்லை. தேய்த்த சட்டை, மடியில் ஒரு பேரேடு. மதிவாணன் அவனாகவே பேசினான்.

"வாங்க வாங்க, உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா? உங்க கஷ்டம் எனக்குத் தெரியாதா? முறைன்னு ஒண்ணு இருக்குல்ல. இந்தாங்க சீட்டு. கூப்பிடுறேன்."

நாங்கள் என்ன செய்தோம்? ஜாய்ஸின் மந்திரக்காரி ஒரு கோட்டையையே எரித்தவள். என் வீராங்கனை பறக்கும் நாகத்தின் கழுத்தை அறுத்தவள். சீட்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். ஒருவரும் பகடையைத் தொடவில்லை. பத்து நிமிடம் கழித்து ஜாய்ஸ், "சார், சாயங்காலம் வரட்டுமா?" என்று கேட்டாள். எனக்கு உண்மையாகவே எரிச்சலாக இருந்தது. இவனுக்குக்கூட இப்படி ஒரு வில்லன் வருகிறானே என்று வியப்பாகவும் இருந்தது.

சவரிராஜ் அண்ணன்தான் கேட்டார். "ஏம்மா, வாள் வச்சிருக்கோம், நெருப்பு வச்சிருக்கோம். நாம எதுக்குச் சீட்டைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கோம்?"

அவர் மதிவாணன் பக்கம் திரும்பினார்.

"தம்பி, கதையை விடு. நாளான்னைக்கு மழைங்கிறான். நாளைக்கு என் குவியலைத் தூத்திடுறியா?"

"உங்க கஷ்டம் எனக்குத் தெரியாதாண்ணே? எனக்கு எல்லாரும் ஒண்ணுதானே. சாக்கு வரட்டும், கூப்பிடுறேன்."

குரலில் ஒரு மாற்றமும் இல்லை. அதே கனிவு, அதே தலையசைப்பு.

"இப்ப பேசுனது யாரு தம்பி?" என்று கேட்டார் அண்ணன்.

மதிவாணனின் முகம் மலர்ந்தது. "நல்லா வந்திருக்குல்லண்ணே?" என்றான்.

அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு ஷட்டருக்கடியில் குனிந்து போய்விட்டார். பாராட்டுக்கும் காறித் துப்புவதற்கும் வித்தியாசம் தெரியாத மனிதனை என்ன சொல்லித் திட்டுவது? எனக்கு அப்போது ஒரு சொல்லும் கிடைக்கவில்லை.

திங்கள் பிற்பகல் சாக்கு வந்தது. ஐந்து மணி வரை எடை போட்டார்கள். அடுத்தது சவரிராஜ் அண்ணனின் குவியல், ஆனால் நேரம் முடிந்துவிட்டது என்று மதிவாணன் தூற்றும் இயந்திரத்தை நிறுத்தினான். அரை மணி நேரம் கூடுதலாக நின்றிருந்தால் ஆகியிருக்கும். மறுநாள் அடித்த மழையில் தார்ப்பாய்க்கடியில் தண்ணீர் ஏறியது. வெள்ளிக்கிழமை பள்ளி விட்டு நான் போனபோது நெல் முளைத்திருந்தது. விண்ணரசி அக்கா அதைத் தார்ச்சாலையில் கையால் பரப்பிக்கொண்டிருந்தார். மதிவாணன் மீட்டரைத் திருப்பி, ஈரப்பதம் இருபத்துமூன்று, பதினேழுக்கு மேல் எடுக்க முடியாது என்று அண்ணனுக்குப் பொறுமையாகக் காட்டிக்கொண்டிருந்தான்.

ஞாயிறு வரை நான் சொற்களைச் சேர்த்தேன். சாக்பீஸிலிருந்து ஆரம்பித்து ஒன்றுவிடாமல் கேட்டு, அவன் மூஞ்சியைத் தொங்கவைத்துத்தான் அனுப்புவது என்று முடிவு செய்திருந்தேன்.

அவன் புது நோட்டோடு வந்தான். "இன்னிக்கு அந்த மதகுக்காரன் ஒரு அறிவிப்பு ஒட்டப்போறான். அதுக்கப்புறம் பாருங்க" என்றான் உற்சாகமாக.

"அண்ணன் வரட்டுமே" என்றாள் ஜாய்ஸ்.

"அவரு வரமாட்டாரு போல. ரூல்னா ரூல்தானே, அவருக்கே தெரியும். என்ன எழில், நீ சொல்லு. ஆரம்பிக்கலாமா?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். காலி நாற்காலி என் பக்கத்தில்தான் இருந்தது. திட்டு முழுவதும் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் அந்த அறிவிப்பில் என்ன எழுதியிருக்கும் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. ஐந்தாம் வகுப்பிலிருந்து வாடா போடா என்று மட்டுமே கூப்பிட்டவனிடம், பகடையைக் கையில் எடுத்துக்கொண்டு, "ஆரம்பிங்க சார்" என்றேன்.