அவருடைய கட்டியை எனக்குத் தா என்று கேட்டேன்

யுத்தம் முடிந்த வருடம் என் தொண்டையில் புற்றுநோய் என்றார்கள். சம்மாந்துறையில் எங்கள் பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொல்லி வந்தவன் நான். மனைவியைச் சுனாமி கொண்டுபோன பிறகு அந்தக் குரல் ஒன்றுதான் எனக்கு மிச்சம்.

கொழும்பு ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் சிவலிங்கம், கல்முனை மீனவர். அவருக்கும் தொண்டையில்தான். இருவருக்கும் கதிர்வீச்சுச் சிகிச்சை என்றுதான் முதலில் பேச்சு. பிறகு ஓர் ஆய்வுக்காக எங்கள் கட்டிகளில் துண்டெடுத்து மரபணுவைப் பார்த்தார்கள்.

முடிவு வந்த அன்று தமிழ் டாக்டர் என் கட்டிலருகே உட்கார்ந்தார்.

"கண்ணுக்கு ரெண்டும் ஒண்டுதான். உள்ளுக்குள்ள வேற வேற. அவருக்கு வந்தது ஒரு வைரஸால, கதிருக்குக் கரையும். உங்கட கட்டி கதிருக்குக் கேக்காது. குரல்வளைய எடுக்கத்தான் வேணும்."

சிவலிங்கத்துக்கு மனைவி உயிரோடு இருக்கிறாள். குரலும் இருக்கும். எனக்கு இரண்டும் இல்லை. பொறாமையில் வெந்தேன். தொழுதுவிட்டு, "யா அல்லாஹ், அந்த மனிசன்ட கட்டிய எனக்குத் தா, என்டத அவருக்குக் குடு" என்று கேட்டேன். வெட்கத்தோடு எழுதுகிறேன். தினமும் கேட்டேன்.

சிவலிங்கம் கதிருக்கான தன் முறை வரும்வரை ஊருக்குப் போயிருந்தார். வெள்ளிக்கிழமை தாதி என்னிடம் வந்தார். திங்கள் காலை சிவலிங்கம் வராவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடும், உங்கள் பக்கத்து ஊர்க்காரர்தானே, போனில் சொல்லிவிடுங்கள் என்றார். தலையாட்டினேன். சொல்லவில்லை. சனியும் போனது.

ஞாயிறு பின்னேரம் அஸர் தொழுகை. நெற்றி நிலத்தில் பட ஸஜ்தாவில் கிடந்தபோது வழக்கமான துஆ, அந்த வேண்டுதல், நாவில் வரவில்லை. "ரப்பே, இந்த நெருப்ப என்ட நெஞ்சில இருந்து எடு." அவ்வளவுதான் வந்தது. அழுதேன். எழுந்ததும் போனை எடுத்தேன்.

"தம்பி, இப்பவே பஸ் ஏறுங்க. நாளைக்குக் காலையில உங்களுக்குக் கதிர். வெள்ளிக்கிழமையே சொல்லச் சொன்னாங்க. நான்தான் சொல்லல்ல."

அண்ணன் முறை வைத்து என்னைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"ஏன் காக்கா?"

"பொறாம, தம்பி."

"சரி காக்கா. முதல்ல பஸ்ஸப் புடிக்கிறன். வந்து கதைப்பம்."

வந்தார். நேரத்துக்குக் கதிரும் கிடைத்தது. நான் மறைத்ததைப் பற்றி ஒரு வார்த்தை கதைக்கவில்லை. என்னைச் சத்திரசிகிச்சைக்குத் தள்ளிக்கொண்டு போனபோது கதவுவரை கூடவே நடந்தார்.

என் குரல் போய்விட்டது. நோயும் போய்விட்டது, திரும்பவில்லை. அந்த ஆய்வு இல்லாமல் கதிரை மட்டும் நம்பியிருந்தால் நான் பிழைத்திருப்பது கஷ்டம் என்றார் டாக்டர். இன்று வேறொருவர் பாங்கு சொல்ல, முதல் வரிசையில் நிற்கிறேன். சிலநேரம் பழைய நெருப்பு எட்டிப் பார்க்கும். அந்த ஞாயிறு கேட்ட துஆவைத்தான் மறுபடி கேட்பேன்.

சகோதரர்களே, நெஞ்சில் கிடப்பது எத்தனை அசிங்கமானாலும் அதோடேயே அல்லாஹ்விடம் போங்கள். என் முதல் துஆவை அவன் ஏற்கவில்லை. இரண்டாவதை ஏற்றான். இரண்டுக்கும் சேர்த்தே அவனைப் புகழ்கிறேன்.