இடப்பக்கத்து மரியா

எழுத்துகளில் நிற்பவை வேறு, நடப்பவை வேறு என்று நான் கண்டுபிடித்தது என் ஆங்கிலப் பாடப்புத்தகத்தில். பாடம் முழுவதும் எழுத்துகள் பூசைக்கு நிற்பவர்களைப் போல நேராக நிற்கும். ‘வாசித்து விடை எழுதுக’ என்ற இடத்தில் மட்டும் வலப்பக்கம் சரிந்து, எங்கோ அவசரமாகப் போகும். நுனிகளில் குட்டிக் கால்கள் வேறு. நேராக நிற்கும்போது தலைக்கு மேல் கொக்கி வைத்திருக்கும் சின்ன ‘ஏ’கூட, சரிந்தவுடன் கொக்கியைக் கழற்றி எறிந்துவிட்டு, உருண்டையும் வாலுமாக ஓடும்.

ரீச்சரிடம் கேட்டேன். “அது புத்தகம் உங்களோட தனியக் கதைக்கிற இடம், பிள்ளை” என்றார். அன்றிலிருந்து என் கொப்பிகளில் எல்லாமே சரிந்தன.

எங்கள் வீட்டில் எனக்கு முன் பள்ளிக்கூடம் போய்ப் படித்தவர் யாருமில்லை. இந்திய அகதி முகாமிலிருந்து திரும்பி வந்து சில வருடங்களில் அப்பாவும் அம்மாவின் தம்பியான மாமாவும் சேர்ந்து ஒரு பைபர் வள்ளம் எடுத்தார்கள். அம்மாவுக்கு ஓர் அண்ணனும் இருந்தாராம். நான் பிறக்கும் முன்பே கடலுக்குப் போனவர், திரும்பி வரவில்லை. அதைப் பற்றி வீட்டில் யாரும் கதைப்பதில்லை.

வள்ளத்துக்கு மரியா என்று ஆங்கிலத்தில் பெயர் எழுதுவதென்று முடிவாயிற்று. “வெளி ஆள் எதுக்கு? வீட்டில படிச்ச ஆள் இருக்குத்தானே” என்றார் அப்பா. எனக்குக் கால் நிலத்தில் படவில்லை.

ரீவி வந்த அட்டைப்பெட்டியில் பெரிதாக வரைந்தேன், சரித்து, கால்கள் வைத்து. அப்பா கோடு பிசகாமல் வெட்டித் தந்தார். அட்டையை வள்ளத்தில் வைத்து வெட்டிய இடத்தில் நீலம் பூசினால் பெயர் விழுந்துவிடும்.

மாமா அட்டையைத் தூக்கிப் பார்த்தார். “எழுத்துக்கெல்லாம் செருப்பு வாங்கிக் குடுத்திருக்கிறாள். ஏன் மருமகள், கச்சான் காத்தோ? எல்லாம் சாஞ்சு கிடக்கு.”

“சாயேல்ல மாமா. ஓடுது.”

“ஓடட்டும்” என்றார் அப்பா. “பதிவு நம்பர் நேரா நிக்கட்டும், அது கந்தோர்க்காரருக்கு. பேர் ஓடட்டும்.”

ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா கோயில் சுவாமியார் வந்து வள்ளத்தை மந்திரிப்பதாக ஏற்பாடு. சனிக்கிழமை நான் வகுப்பு முடிந்து கரைக்கு ஓடிவந்தபோது இரண்டு பக்கமும் பூசி முடித்திருந்தார்கள். வலப்பக்கத்தில் மரியா முன்மூக்கை நோக்கிப் பாய்ந்துகொண்டிருந்தாள். சுற்றிவந்து இடப்பக்கத்தைப் பார்த்தேன். அங்கேயும் முன்மூக்கை நோக்கித்தான் பாய்ந்தாள். ஆனால் கண்ணாடிக்குள் தெரிவதுபோல, கடைசி எழுத்து முதலாக, ஒவ்வோர் எழுத்தும் புரண்டு கிடந்தது.

“அட்டையை அப்பிடியே வச்சால் எழுத்து பின்னுக்கு ஓடுது பிள்ளை. அதான் பிரட்டி வச்சனான்” என்றார் மாமா, வேலையில் திருப்தியோடு.

“இந்தப் பக்கம் வாசிக்கேலாது அப்பா!”

“அங்காலப் பக்கம் வாசிக்கலாமோ?”

“ஓம்.”

“பிறகென்ன? ரெண்டிலும் ஒரே பேர்தானே.”

“கண்ணாடியில பாத்தால்தான் சரியா வரும்.”

“அப்ப கண்ணாடியோட வாற ஆக்கள் வாசிக்கட்டும்” என்றார் மாமா.

நான் அழத் தொடங்கினேன். நாளைக்கு ஊரே வரும், என் வகுப்புப் பிள்ளைகளும் வருவார்கள். படித்த பிள்ளை எழுதிய லட்சணம் என்பார்கள். அப்பா துணியை மண்ணெண்ணெயில் நனைத்து இடப்பக்கத்தைத் துடைத்தார். அட்டையைச் சரியாக வைத்து மறுபடி பூசினார். இப்போது நன்றாக வாசிக்க முடிந்தது. ஆனால் எழுத்துகள் எஞ்சின் பூட்டும் பின்பக்கத்தை நோக்கிச் சரிந்திருந்தன.

“அத்தான், வள்ளம் ரிவேஸ் அடிக்குது” என்றார் மாமா.

வலையைச் சிக்கெடுத்துத் தெரிந்துகொண்டிருந்தவர்களும் எழும்பி வந்து பார்த்தார்கள். புது வள்ளம் பின்னுக்குப் போவது நல்லதில்லை என்றார் ஒருவர். எல்லாவற்றையும் அழித்துவிட்டு, ரவுணிலிருந்து கடைப் பலகை எழுதும் ஆள் பிடித்து நேர் எழுத்தில் எழுதுவதுதான் புத்தி என்றார் இன்னொருவர். அப்பா என்னைப் பார்க்காமல் வெள்ளைப் பெயின்ற் வாளியைத் திறந்தார். வலப்பக்கத்து மரியாவும் போகப்போகிறாள் என்று எனக்கு விளங்கிவிட்டது.

தேத்தண்ணியோடு வந்த அம்மா இடப்பக்கத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு ஓர் எழுத்தும் தெரியாது.

“அழிக்க வேண்டாம்” என்றார். “ஒரு பக்கம் போகட்டும். மற்றப் பக்கம் வரட்டும்.”

மாமா ஏதோ பகிடி சொல்ல வாயைத் திறந்தார். அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். அப்பா வாளியை மூடினார்.

மறுநாள் சுவாமியார் இரண்டு பக்கமும் தீர்த்தம் தெளித்தார். வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பக்கமும் நின்று சத்தமாக வாசித்தார்கள். படித்த பிள்ளைக்காக அம்மா வாதாடி வென்றார் என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

அதன் பிறகு விடியற்காலையில் வள்ளம் இறங்கும்போதெல்லாம் அம்மா கரைக்குப் போவார். எங்கள் கரையிலிருந்து தலைமன்னார்ப் பக்கம் திரும்பும் வள்ளத்தின் இடப்பக்கம்தான் நிலத்துக்குத் தெரியும். வள்ளம் போய்க்கொண்டிருக்கும், மரியா வீட்டுப் பக்கம் சரிந்திருப்பாள். நீலம் கண்ணுக்கு மறையும்வரை அம்மா அசையமாட்டார்.

என் எழுத்தின் அழகைத்தான் பார்க்கிறார் என்று நினைத்து, புத்தகப்பையைத் தூக்கிக்கொண்டு பெருமையோடு பள்ளிக்கூடத்துக்கு நடப்பேன்.