சேலையின் மறுமுனை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வாரம் தற்பெருமை கொஞ்சம் தூக்கலாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்!

எங்கள் வீட்டில் துணி மடிப்பது என் டிபார்ட்மென்ட். திண்டுக்கல் வெயிலுக்கு மொட்டை மாடியில் காயப்போட்ட துணி மதியத்துக்குள் அப்பளமாகிவிடும். அந்தச் சூடு ஆறுவதற்குள் மடித்துவிட்டால் பாதித் துணிக்கு இஸ்திரியே தேவையில்லை. பீரோவில் சட்டைக் காலர்கள் ஒரே வரிசையில் நிற்கும். நடுவிலிருந்து ஒன்றை உருவினாலும் பக்கத்துத் துணி சரியாது. எத்தனை பேருக்கு வரும் இது?

போன ஞாயிற்றுக்கிழமை. ஹாலில் பாய் விரித்து மும்முரமாக மடித்துக்கொண்டிருந்தேன். கட்டைப்பையோடு வாசலில் என் மாமியார்! மறுநாள் இங்கே ஒரு கல்யாணம். அதற்காக எரியோட்டிலிருந்து வந்திருக்கிறார். என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த, என் மனைவி கலாவின் உள்பாவாடையைப் பார்த்தார்.

அடுத்து என்ன செய்தார் தெரியுமா? நேரே போய் ஜன்னலைச் சாத்தினார். எதிர்வீட்டுக்காரர்கள் பார்த்துவிடக் கூடாதாம்!

"ஏண்டி கலா... மாப்ளைய இப்படியா உக்கார வச்சுருக்க? பொண்ணு வளத்த லட்சணத்தப் பாருன்னு என்னையத்தான ஊரு காறித் துப்பும்?"

"நான் ஒண்ணும் சொல்லலம்மா, அவராத்தான்..."

அவள் முகம் சுருங்கிவிட்டது. எனக்குச் சுருக்கென்றது. வாரம் முழுக்க பேங்க்கில் மாடாக உழைப்பவள், தன் வீட்டிலேயே குற்றவாளி மாதிரி நிற்கிறாள் - அதுவும் நான் ஆசையாகச் செய்யும் வேலைக்காக. அவள் சமையலறைக்குப் போய்விட்டாள்.

"குடுங்க மாப்ள, நான் மடிக்கிறேன்" என்றார் அத்தை, சுவரைப் பார்த்தபடி. மாப்பிள்ளைக்கு எதிரில் உட்காரக்கூட மாட்டார். நேருக்கு நேர் பேசியதும் இல்லை.

என்ன சொல்லிப் புரியவைப்பது? யோசித்துக்கொண்டே கட்டைப்பையைப் பார்த்தேன். முருங்கைக்காய்க்கு அடியில் மறுநாள் கல்யாணத்துக்கு அவர் கட்டவிருந்த சேலை, சின்னாளபட்டிப் பட்டு, கசங்கிக் கிடந்தது.

"இப்பவே மடிச்சு மெத்தைக்கு அடியில வச்சா காலையில படிஞ்சுரும் அத்தை" என்று ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறுமுனையை நீட்டினேன்.

தயங்கினார். சமையலறைப் பக்கம் பார்த்தார். பிறகு... பிடித்தார்.

உதறினோம். கரையோடு கரை சேர்த்து இழுத்தோம். சேலை மடிக்கும்போது இரண்டு பேரும் எதிரெதிரே நடந்து வந்துதானே ஆக வேண்டும்? முனையை என் கையில் கொடுத்தபோது அத்தை முதல்முறையாக என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"வீட்ல தனியாவா மடிக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"வேற யாரு வாரா? ஒரு நுனியக் கால் விரல்ல மிதிச்சுக்கிருவேன். இன்னொண்ணத் தாடையில அண்டக் குடுத்துக்கிருவேன். உங்க மாமா ஒரு நாளும் வந்து புடிச்சதில்ல மாப்ள."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் குனிந்து மடிப்பை இன்னொரு முறை நீவிவிட்டேன்.

கலா கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். மடித்த சேலையைத் தடவிக்கொண்டே அத்தை சொன்னார்: "கடையில எடுத்தாப்புல இருக்குடி. குடுத்து வச்சவ நீ!"

கலாவின் முகம் மலர்ந்ததே... பத்திரிகையில் எழுதி வாங்கிய பாராட்டெல்லாம் அதற்குப் பிறகுதான். சட்டைக் காலரை நன்றாகவே தூக்கிவிட்டுக்கொண்டேன். பின்னே?

நேற்று மாமனாரிடமிருந்து போன்.

"என்ன மாப்ள, இப்படி மாட்டி விட்டுட்டீங்க? சாயங்காலமானா சேலை நுனியக் கையில குடுத்துர்றா!"

"நல்லதுதான மாமா? புடிங்க."

"புடிக்கிறேன், புடிக்கிறேன்... செத்த நேரம் அந்த ஜன்னலையாவது சாத்துடின்னா, கேக்க மாட்டேங்குறா மாப்ள!"