சித்தப்பா சொன்ன சைபர்

பேய் ராத்திரியில்தான் வரும் என்று நம்புகிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். இது என் மச்சானுக்குப் பட்டப்பகலில் நடந்தது. நான் கதை விடுகிறேன் என்பவர்கள் ஒருமுறை அவர் முகத்தை வந்து பார்க்கட்டும்.

மச்சான், அதாவது அக்கா வீட்டுக்காரர், எண்ணெய்க் கிணறு தோண்டும் இடத்தில் சேற்றுக்குக் கணக்குப் பார்ப்பவர். குழாய் வழியாக இறக்குகிற சேற்றின் எடைதான் அடியிலிருக்கும் வாயுவை அமுக்கி வைக்கிறது. எடை போதாவிட்டால் வாயு மேலே கிளம்பிவிடும். எவ்வளவு போதவில்லை என்பதைக் கிணற்றுக்கு மேலே மேடையிலிருக்கும் அழுத்தக் கேஜ் காட்டும். அதை ஆழத்தால் வகுத்து, அதற்கேற்பச் சேற்றைக் கனமாக்கி இறக்க வேண்டும். கேஜ் சைபருக்கு வந்தால், அவர்கள் பாஷையில் கிணறு செத்துவிட்டது. அப்புறம் பயமில்லை.

அன்று மத்தியானம் வாயு கிளம்பியது. மேடையில் இருந்தவர்கள் விழுந்தடித்து இறங்கினார்கள். கீழேயிருந்தே விசையைத் தட்டிக் கிணற்றின் வாயை மூடினார்கள். அதைத் திரும்பத் திறக்க மேலே போக வேண்டிய முறை, அங்கேயே வேலை பார்த்த மச்சானின் கூடப்பிறந்த தம்பிக்கு.

மச்சானின் அறையில் ஸ்பீக்கர் கரகரத்தது. "நான் மேலதான் இருக்கேன். கேஜ் அறுநூறு."

பேசியது மேடையில் மெஷின் ஓட்டுகிற பெரியவர். எல்லாருக்கும் அவர் சித்தப்பா. எல்லாரும் ஓடியும் இந்த மனுஷன் நிற்கிறாரே, நல்ல நெஞ்சுரம்தான் என்று மச்சான் நினைத்துக்கொண்டார். கணக்குப் போட்டார். கனச் சேறு இறங்கத் தொடங்கியது. பம்பை நிறுத்தி நிறுத்திக் கேஜைக் கேட்டார்.

"நானூறு."

சித்தப்பா நாலு வார்த்தை பேசினால் ஒரு தடவை இருமுவார். அன்று இருமல் இல்லை. வாய்க்கு வாய் "மாப்ளே" என்பார். அதுவும் இல்லை.

"நூறு."

இந்தத் தடவை மச்சான் கேட்கவே இல்லை...

வெளியே காற்று ஊளையிட்டது. ஸ்பீக்கரில் காற்றுச் சத்தமே இல்லை.

கணக்குப்படி கனச் சேறு இன்னும் பாதி ஆழம்கூடப் போயிருக்காது. அதற்குள் எப்படி...?

"சித்தப்பா, சரியாப் பாத்தீங்களா?"

கர்ர்ர்...

"சைபர். செத்தாச்சு."

மச்சானுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. காலமெல்லாம் கேஜைப் பார்த்த கண், தப்பாகவா பார்க்கும்? தன் கணக்கை விட்டார். அந்தக் குரலை நம்பினார்.

"போடா, பயமில்ல," என்றார் தம்பியிடம்.

தம்பி ஏறினான்.

திறந்தான்.

டமார்...

தீ அடங்கிய பிறகுதான் இருவரையும் இறக்க முடிந்தது. மச்சான் அப்புறம் வேலைக்குப் போகவில்லை. அக்கா அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டால்கூட, எழுந்து வந்து ஆளைப் பார்த்த பிறகே பதில் சொல்கிறார். இனி தேறுவார் என்று எங்களில் யாருக்கும் நம்பிக்கையில்லை.

உடல்களைப் பார்த்த டாக்டர் சொன்னது இதுதான். தம்பியின் நுரையீரல் நிறையப் புகை. சித்தப்பாவின் நுரையீரலில் பொட்டுப் புகை இல்லை. வாயு முதலில் பீறிட்டபோதே தூக்கியெறியப்பட்டுக் கழுத்து முறிந்திருக்கிறது. கிணற்றின் வாயை மூடும் முன்பே அவர் இறந்துவிட்டாராம்.