தரை தாங்காது என்று சொன்னேன்

நான்கு அடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்றை ஆட்டோவின் பின்சீட்டில் குறுக்காக வைத்து, இரண்டு கைகளாலும் அணைத்தபடி அக்கா எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கினாள். கண்ணாடியில் பழைய பாசி பச்சையாகக் காய்ந்திருந்தது. செங்கம் ரோட்டில் ஏதோ ஒரு விடுதியைக் காலி செய்கிறார்களாம், அவள் வேலை செய்யும் இடத்துக்கு ரத்தப் பரிசோதனைக்கு வந்த ஓர் அம்மாள் சொல்லித் தெரிந்ததாம். "சும்மாவே குடுத்துட்டாங்கடா. ஸ்டாண்டுதான் இல்ல. அதை நானே பண்ணிக்கிறேன்" என்றாள். அன்று அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. பார்க்க முடியாமல் போனதற்குக் காரணம் நான்தான்.

அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள். ஆரணியில் பதினோரு வருடம் வாழ்ந்துவிட்டு, அந்த வாழ்க்கை முறிந்து, ஒரு சூட்கேஸோடு திரும்பி வந்தவள். டவுனில் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. நான் வேங்கிக்காலில் வீடு கட்டி முடித்தபோது, கிரகப்பிரவேசத்தன்று சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்க, "மாடி ரூம் உனக்குத்தான் அக்கா. இனிமே நீ எங்கயும் போக வேணாம்" என்று சொன்னேன். சபையில் சொல்வதற்கு நன்றாக இருந்தது. சொன்னபோது அது பொய்யும் இல்லை. அவள் வேலை செய்த இடத்தில் காத்திருப்பவர்களுக்காக ஒரு சின்ன மீன்தொட்டி இருந்தது. அதைக் கழுவுவதும் தண்ணீர் மாற்றுவதும் அவள் வேலையில் சேராது, ஆனாலும் பல வருடங்களாக அவள்தான் செய்துகொண்டிருந்தாள். தனக்கென்று ஒரு தொட்டி வேண்டும் என்று அவள் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் என் காதில் விழுந்திருக்குமா என்பது வேறு விஷயம்.

மீன் கடையில் விற்கும் இரும்பு ஸ்டாண்டைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். விலையும் ஜாஸ்தி, கால்களும் ஒல்லி. கையால் தள்ளினால் ஆடுகிறது என்றாள். ஒரு பழைய லேப் ரிப்போர்ட்டின் பின்பக்கத்தில் நீளம், அகலம், உயரம் போட்டுப் பெருக்கி, தண்ணீர் மட்டும் இருநூற்றைம்பது கிலோ, கண்ணாடியும் கூழாங்கல்லும் சேர்த்தால் முந்நூறைத் தாண்டும் என்று என்னிடம் காட்டினாள். பிறகு, இடித்த வீடுகளின் சாமான்களை விற்கும் கடைக்குப் போய், கறையான் தொடாத ஒரு பழைய வாசல் நிலையை வாங்கி வந்தாள். கரி படிந்த கனத்த வேப்பமரம். அதை அறுத்துத்தான் ஆறு கால்களும் வந்தன. நான்கு மூலைக்கு நான்கு, நடுவில் இரண்டு.

ஞாயிற்றுக்கிழமைகளிலும் வேலை முடிந்து வந்த மாலைகளிலும் மொட்டைமாடியில் ரம்பச் சத்தம் கேட்கும். மொத்தம் ஆறு வாரம் ஆனது. அவளுக்குத் தச்சு வேலை தெரியாது. ஆனால் அளவில் ஒரு நூல் தவறினாலும் மனசு ஒப்பாது. முதலில் அறுத்த இரண்டு கால்கள் குட்டையாகிவிட்டன. அவற்றை வீணாக்காமல் குறுக்குக் கட்டைகளாக்கிக்கொண்டாள். மேல்சட்டத்தைக் கால்களின் பக்கவாட்டில் வைத்து முடுக்குவதுதான் சுலபம் என்று நான் சொன்னதற்கு, "ஸ்க்ரூ பிடிச்சுக்கத்தான்டா. தாங்கறதுக்கு இல்ல. கட்டை மேல கட்டை உக்காரணும்" என்றாள். பக்கவாட்டில் ஆடாமலிருக்கப் பின்புறம் இரண்டு சட்டங்களைக் குறுக்காகக் கொடுத்தாள். ரசமட்டம் வாங்கவில்லை. வேலை செய்யும் இடத்திலிருந்து உபயோகிக்காத டிரிப்ஸ் டியூப் ஒன்றைக் கொண்டுவந்து, அதில் தண்ணீர் நிரப்பி, இரு முனைகளையும் இரண்டு மூலைகளில் பிடித்து மட்டம் பார்த்தாள். ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள என் மனைவி போவாள். இரண்டு பேரும் தண்ணீர் அசைவது நிற்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்று, பிறகு சிரிப்பார்கள். மேலே போட்ட பலகை, எங்கள் வீட்டு சமையலறை அலமாரிக்கு வாங்கியதில் மிச்சம். காலுக்கு அடியில் சைக்கிள் டியூப் வெட்டி ஒட்டினாள்.

முடித்த பிறகும் அவள் நம்பவில்லை. மதில்சுவர் வேலைக்காகக் கீழே சிமெண்ட் மூட்டைகள் இருந்தன. ஆறு மூட்டைகளை மேஸ்திரியை வைத்து மாடிக்கு ஏற்றி, ஸ்டாண்டைத் தன் அறைச் சுவரோரம் போட்டு, அதன்மேல் அடுக்கச் சொன்னாள். "ரெண்டு நாள் அப்படியே கெடக்கட்டும்." இரண்டு நாள் கழித்து மறுபடியும் டியூப்பை வைத்துப் பார்த்தாள். ஒரு நெல்மணி அளவுகூட இறங்கவில்லை. மூட்டைகளை இறக்கிய மேஸ்திரி அதைக் காலால் உதைத்துப் பார்த்துவிட்டு, "இது உங்க பேரன் காலத்துக்கும் இருக்கும் சார்" என்றார்.

அந்த வார்த்தைதான் என்னைக் குத்தியது என்று இப்போது தோன்றுகிறது. அந்தச் சமயத்தில்தான் என் சிநேகிதர்கள் சிலர், மாடியை ஆசிரமத்துக்கு வருகிறவர்களுக்கும் பௌர்ணமிக்கு மலை சுற்ற வரும் கூட்டத்துக்கும் வாடகைக்கு விட்டால் நல்ல வருமானம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். மலை தெரியும் அறை. அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு சூட்கேஸோடு வந்தவளை ஒரு சூட்கேஸோடு வேறு இடத்துக்கு மாற்றிவிடலாம் என்ற நினைப்பு எனக்குள் எங்கோ இருந்திருக்க வேண்டும். முந்நூறு கிலோ தண்ணீரை யாரும் அப்படி மாற்ற முடியாது. அந்தத் தொட்டி நிறைந்துவிட்டால் அவள் அங்கேயேதான்.

வீடு கட்டிய இன்ஜினியரிடம் கேட்கச் சொன்னவளும் அவள்தான். கேட்டேன். "சுவத்தோரமா, பீம் மேல வந்தா ஒண்ணும் ஆவாது சார். தாராளமா வைக்கலாம்" என்றார். வீட்டுக்கு வந்தேன். அக்கா கூழாங்கற்களை வாளியில் போட்டு அலசிக்கொண்டிருந்தாள்.

"ஸ்லாப் தாங்காதுனு சொல்லிட்டாரு அக்கா."

அவள் கை நின்றது. "பீம் மேலதான் வருதுனு சொன்னியா?"

"சொன்னேன். வேணாம்னுட்டாரு. விரிசல் விட்டா கஷ்டம்னாரு."

"சிமெண்டு மூட்டை ரெண்டு நாள் இருந்துதே?"

"ரெண்டு நாள் வேற. வருஷக்கணக்கா இருந்தா வேறயாம்."

அந்தக் கடைசி வாக்கியம் என் சொந்தக் கற்பனை. அவ்வளவு சரளமாக வந்தது. "சரி, படிச்சவரு சொல்றாரு" என்று சொல்லி வாளியைக் கவிழ்த்தாள். அளவுக்கும் எடைக்கும் அவள் கொடுத்த மரியாதையை வைத்தே அவளை ஏமாற்றினேன். தொட்டியை மீன் கடைக்காரர் வந்து எடுத்துப் போனார். ஸ்டாண்டு மட்டும் அறையில் நின்றது. அதன்மேல் அவள் மடித்த புடவைகளை அடுக்கி வைத்தாள்.

நான்கு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, நான் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது வேலையிலிருந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராக மேலே வந்தாள்.

"உங்க இன்ஜினியர் சுகர் பாக்க வந்திருந்தாரு. மீன்தொட்டி வெச்சாச்சானு அவரே விசாரிச்சாரு."

நான் திரும்பவில்லை. "அவருக்கு ஞாபகம் மாறியிருக்கும்" என்றேன். முதல் பொய்யைவிட அந்த இரண்டாவது பொய்தான் கேவலமானது. முதலாவதில் பயம் இருந்தது. இதில் எதுவுமே இல்லை.

"ரூம் வேணும்னா கேட்டிருக்கலாமேடா" என்றாள் அக்கா. குரல் உயரவில்லை. "நானே காலி பண்ணியிருப்பேன். பாவம், தரை மேல ஏன்டா பழியப் போட்ட?"

பத்து நாளில் போய்விட்டாள். செங்கம் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஒற்றை அறை. என் மனைவி அழுதாள், தடுத்தாள். நான் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தேன். ஸ்டாண்டையும் வண்டியில் ஏற்றட்டுமா என்று கேட்டதற்கு, "வேணாம். அந்த வீட்டுத் தரை எவ்வளவு தாங்கும்னு எனக்குத் தெரியாது" என்றாள்.

நாத்தனாரைத் துரத்திவிட்டாள் என்று சொந்தக்காரர்கள் என் மனைவியைப் பேசினார்கள். அவளுக்கு இன்றுவரை இன்ஜினியர் சொன்னது தெரியாது. அந்தப் பேச்சையும் நான் மறுக்கவில்லை. என் மகள் வயதுக்கு வந்த விசேஷத்தில், அத்தையாக முன்னால் நிற்க வேண்டியவள் மண்டபத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, குழந்தையின் கையில் ஒரு ஜோடி கம்மலைக் கொடுத்துவிட்டுச் சாப்பிடாமல் கிளம்பினாள். மாடிக்குக் குடிவந்தவர்கள் முதல் கோடையிலேயே அந்த ஸ்டாண்டின்மேல் பெரிய பிளாஸ்டிக் டிரம்மைத் தூக்கி வைத்துத் தண்ணீர் பிடித்தார்கள். அவர்களுக்குப் பின் வந்தவர்களும் அப்படியே. இன்றும் அங்கே விளிம்புவரை தண்ணீரோடு டிரம் நிற்கிறது. தரையில் மயிரிழை விரிசல் இல்லை. வாடகை வாங்கப் போகும்போதெல்லாம் குனிந்து பார்க்கிறேன்.

போன மாதம் டாக்டர் எனக்கு சுகர் பார்க்கச் சொன்னார். ஊரில் எத்தனையோ இடங்கள் இருக்கின்றன. காலையில் எழுந்து அக்கா வேலை செய்யும் இடத்துக்கே போனேன். தலை முக்கால்வாசி நரைத்துவிட்டது அவளுக்கு. என்னைப் பார்த்தாள், பேனாவை எடுத்தாள்.

"வெறும் வயித்துலதான வந்தீங்க?"

தலையாட்டினேன்.

"வயசு?"

நான் பிறந்தபோது அக்காதான் என்னைத் தூக்கிக்கொண்டு தெருவெல்லாம் காட்டியதாக அம்மா சொல்லியிருக்கிறாள். நாற்பத்தாறு என்றேன். எழுதிக்கொண்டாள். ரப்பரைக் கட்டி, நரம்பைத் தடவிப் பார்த்து, ஊசியை ஏற்றினாள். வலிக்கவே இல்லை. ரத்தம் ஏறும் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தவளிடம், பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னேன்:

"அக்கா, இன்ஜினியர் தாங்கும்னுதான் சொன்னாரு. நான்தான் பொய் சொன்னேன்."

"தெரியும்" என்றாள். ஊசியை எடுத்துவிட்டுப் பஞ்சை வைத்தாள். "கையை மடக்காதீங்க. அழுத்திப் புடிச்சுக்குங்க."

பிறகு என் தோளுக்கு மேலாகப் பார்த்து, அடுத்தவரை வரச் சொன்னாள்.